பொக்கற்றுக்குள்ளை போன கை

இத்தாலியிலை, பலேர்மோவின்ரை கால்சாப் பகுதியிலை நான் இருபத்தாறு வருசம் சாப்பாடு பரிமாறின விருந்து மண்டபத்து வாசல்லை போன மாசம் ஒரு இரும்புப் பெட்டகம் கொண்டுவந்து சுவரோடை சேத்துப் பூட்டியிருக்கினம். விருந்துக்கு வாறவை துவக்கு வைச்சிருந்தால் அதுக்குள்ளை வைச்சுப் பூட்டி, திறப்பைத் தங்கடை பொக்கற்றிலை போட்டுக்கொண்டுதான் உள்ளுக்குப் போகவேணுமாம். இப்ப அங்கை வேலை செய்யிற எங்கடை தமிழ்ப் பிள்ளையள் ஞாயிறு பூசை முடிஞ்சு வெளியாலை நிக்கேக்கை என்னைப் பிடிச்சுக்கொண்டினம். "அங்கிள், பெட்டகம் இல்லாத காலத்திலை எப்பிடிச் சமாளிச்சனீங்கள்? இடுப்பிலை துவக்கோடை இருக்கிறவரிட்டைப் போய் மீன் வேணுமோ இறைச்சி வேணுமோ எண்டு எப்பிடிக் கேட்டனீங்கள்?"

"வாயாலைதான் கேட்டனான்" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். எல்லாரும் சிரிச்சினம். ஆனால் அது மறுமொழி இல்லை எண்டு எனக்குத் தெரியும். உண்மையான மறுமொழி கோயில் வாசல்லை நிண்டு சொல்லி முடியிறதில்லை. அதோடை என்ரை மனுசி ஜெசிந்தா பக்கத்திலை நிண்டால் ஒவ்வொரு வரிக்கும் திருத்தம் சொல்லுவா. அதாலைதான் குந்தியிருந்து எழுதிறன்.

முதல்லை ஒண்டு. பலேர்மோவும் துவக்கும் எண்டவுடனை படத்திலை பாத்ததுகளை நினைச்சுக்கொண்டு வராதையுங்கோ. உந்த விசர்க் கதையைக் கேட்டுக் கேட்டு இஞ்சை இருக்கிற சனத்துக்கே அலுத்துப்போச்சுது. எங்கடை மண்டபத்துக்குத் துவக்கோடை வந்தவை நகைக்கடைக்காரர், காவல் கம்பனி ஆக்கள், சாதாரண உடுப்பிலை வாற பொலிஸ்காரர், மிரட்டல் கடிதம் வந்த, கோட்டிலை வழக்குப் பேசுற ஒரு அப்புக்காத்து. எல்லாரும் லைசென்ஸ் உள்ளவை. கம்பனியின்ரை வருசக் கடைசிச் சாப்பாடு, சங்கத்துக் கூட்டம் முடிஞ்ச விருந்து, ஆரோ ஒருத்தர் ஓய்வு பெறுகிற கொண்டாட்டம், இப்பிடியானதுகளுக்கு வேலையாலை நேரை வருவினம். இடுப்பிலை இருக்கிறதும் கூட வரும். அதைக் கழட்டி வைக்க வீட்டை போய்வர நேரம் இராது, காருக்குள்ளை விட்டிட்டு வரவும் பயம்.

நான் மன்னாரிலையிருந்து வந்த முதல் ரெண்டு வருசம் மாடிப்படி கழுவினன். பேந்து கோயில் பழக்கத்திலை ஒருத்தர் இந்த மண்டபத்திலை சேத்துவிட்டார். ஒரு கையிலை மூண்டு தட்டுத் தூக்கப் பழக ஒரு மாசம் எடுத்துது. ஆரை வெறும் ஐயா எண்டு 'சினோர்' எண்டுறது, ஆரைப் படிச்ச பெரியவர் எண்டு 'டொத்தோரே' எண்டுறது எண்டு பிடிபட ஒரு வருசம் எடுத்துது. ஜெசிந்தா எனக்குப் பிறகு வந்து அதே மண்டபத்துக் குசினியிலை சேந்தா. ஆனால் ஆறு மாசத்திலை குசினி முழுக்க அவவின்ரை சொல்லுத்தான்.

எங்களுக்கு மேலை இருந்தவ சினோரா றோசாலியா. கட்டை ஆள், நரைச்ச குட்டை மயிர், எப்பவும் கறுப்புக் கோட்டும் காற்சட்டையும், நடந்தால் சத்தம் கேக்காத சப்பாத்து. சவிரிமுத்து எண்ட என்னை முதல் நாளே 'சவேரியோ' ஆக்கிப்போட்டா. அவ ஒரு நாளும் சத்தம் போட்டு நான் கேக்கேல்லை. நாங்கள் பிழை விட்டால் கிட்ட வந்து எங்கடை சேட்டுக் கொலரைத் திருத்திவிடுவா. கொலர் வடிவாத்தான் இருக்கும். ஆனாலும் திருத்துவா, ஒரு சொல்லும் சொல்லமாட்டா, போயிடுவா. ஏச்சு வாங்கினாலும் பரவாயில்லை, அந்தக் கொலர் திருத்து வாங்கினால் ரெண்டு நாளைக்குச் சாப்பாடு இறங்காது.

சேந்த புதிசிலை எனக்கு ஒரு கோவம் இருந்தது. நான் தட்டத்திலை வைன் கொண்டுபோய் மரியாதையா நீட்ட, சில பேர் இடக்கையாலை எடுப்பினம். எங்கடை ஆக்களுக்கு அது எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே. சின்னனிலை இடக்கையை நீட்டினால் கையிலை அடி விழும். "பழக்கமில்லாத சனம், கோட் சூட்டுக்கு மட்டும் குறைச்சல் இல்லை" எண்டு அப்ப ஊரிலை இருந்த ஜெசிந்தாவுக்குப் போனிலை புறுபுறுப்பன். ஒருநாள் ஒரு சங்கத்து விருந்திலை மூண்டு பேர் அப்பிடி எடுக்க, தாங்கேலாமல் சினோராவிட்டையே போய்ச் சொல்லிப்போட்டன், அந்த மூண்டு பேருக்கும் பழக்கவழக்கம் தெரியாதெண்டு.

"எந்த மூண்டு பேர்?" எண்டா. காட்டினன். அண்டைக்குத்தான் அவ சிரிச்சதை முதல் முதல் பாத்தன்.

"சவேரியோ, இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு வருசம் எடுத்தது. நீர் எப்பிடி மூண்டு மாசத்திலை கண்டுபிடிச்சனீர்?"

வலப்பக்க இடுப்பிலை துவக்கு இருக்கிறவர் வலக்கையைச் சும்மா வைச்சிருக்கப் பாப்பாராம். கிளாசும் இடக்கை, பாணும் இடக்கை. கை குலுக்கிறதுக்கு மட்டும் வலக்கை, அதுவும் கெதியாத் திரும்பிப் போயிடும். அண்டையிலையிருந்து ஆக்கள் வரேக்கை முதல் தட்டத்தோடை என்னைத்தான் வாசலுக்கு விடுவா. நான் ஆரார் இடக்கை எண்டு பாத்துவந்து சொல்ல, இருக்கை வரைஞ்ச தாளிலை அவையின்ரை பேருக்குப் பக்கத்திலை 'தியேத்தா' எண்டு எழுதுவா. பத்தியச் சாப்பாடு எண்டு கருத்து. ஆராவது எட்டிப் பாத்தாலும் விளங்காது. நாங்கள் தமிழ் ஆக்கள் எங்களுக்குள்ளை 'பத்தியக்காரர்' எண்டுதான் கதைப்பம். இதிலை பிழையும் வந்தது, ஏன் மறைப்பான். உண்மையாவே இடக்கைப் பழக்கமுள்ள ஒரு நொத்தாரிசு அம்மாவுக்கு மூண்டு வருசமாத் துவக்குக்காரிக்குக் குடுக்கிற மரியாதை குடுத்திருக்கிறம். அவவின்ரை கைப்பையுக்குள்ளை மருந்து வில்லைப் போத்தலைத் தவிர வேறை ஒண்டும் இருந்ததில்லை.

ஜெசிந்தாவின்ரை கதை அதைவிட மோசம். அவ வந்த புதிசிலை அந்தத் தாளைப் பாத்திட்டு, பாவம் மனுசனுக்கு ஏதோ வருத்தமாக்கும் எண்டு ஒரு தடிச்ச நகைக்கடைக்காரருக்கு உப்பில்லாமல் அவிச்ச சுரைக்காய் அனுப்பிவிட்டா. அந்த மனுசன் அக்கம்பக்கம் பாத்திட்டு, முழுக்கச் சாப்பிட்டு முடிச்சுது. போகேக்கை சினோராவின்ரை காதுக்குள்ளை கேட்டாராம், "என்ரை மனுசி உங்களுக்குப் போன் எடுத்தவவோ?"

பகிடி இருக்கட்டும். பத்தியக்காரருக்கு எண்டு சினோரா வைச்சிருந்த முறை வலு கவனமானது. அவையைச் சுவர் முதுகுக்குப் பின்னாலை வாறமாதிரி இருத்துவா. அவையிட்டைப் பின்பக்கத்தாலை போகக்கூடாது, முன்னாலை வந்து முகத்தைக் காட்டிப்போட்டுத்தான் தட்டை வைக்கவேணும். கோட்டைக் கழட்டித் தாங்கோ எண்டு ஒருக்காக் கேக்கலாம், ரெண்டாந்தரம் கேக்கக்கூடாது. கிளாஸ் முடிஞ்சாலும் அவையாய்க் கேட்டால்தான் வைன். பலூன் கட்ட விடமாட்டா. ஷாம்பெயின் போத்திலைக் குசினிக்குள்ளை கொண்டுபோய்த் துவாயாலை பொத்திப் பிடிச்சு, சத்தமில்லாமல் திறந்துகொண்டு வரவேணும். எல்லாத்திலும் பெரிய சட்டம் எங்கடை கைக்கு: கை எப்பவும் தெரியவேணும். தக்கை கழட்டிற கம்பி, லைற்றர், பேனை எல்லாம் மேசையிலை கிடக்கும். உடுப்புக்குள்ளை கையை விட்டு எதையும் எடுக்கக்கூடாது.

அந்தச் சட்டத்தை இருபத்தாறு வருசத்திலை ஒரேயொருக்கா முறிச்சன்.

தானோ எண்டு ஒருத்தர். நகை மொத்த வியாபாரக் கம்பனி ஒண்டிலை இருபது வருசமா வேலை. மாதிரி நகையளை ஒரு பெட்டியிலை வைச்சுக்கொண்டு தீவு முழுக்கக் கடை கடையாப் போய்க் காட்டி ஓடர் எடுக்கிறவர். மடியிலை கனமிருந்தால் வழியிலை பயம் எண்டு சொல்லுவினமெல்லோ, அந்த மனுசன் அந்தக் கனத்தோடைதான் இருபது வருசமும் கார் ஓடினது. ரெண்டு தரம் வழிப்பறி நடந்திருக்கு. ரெண்டாந்தரம், வழி கேக்கிற மாதிரி வந்த ஒருத்தன் கோட்டுக்குள்ளை கையை விட்டு, முகவரி எழுதின தாளை எடுக்கிற மாதிரித் துவக்கை எடுத்திருக்கிறான். அதுக்குப் பிறகுதான் இவர் லைசென்ஸ் எடுத்து இடுப்பிலை வைக்கத் தொடங்கினது. இதெல்லாம் அவரே எனக்குச் சொன்னது. கம்பனி விருந்துக்கு வருசம் வருசம் வருவார், இடக்கையாலை கிளாஸ் எடுப்பார், என்ரை பிள்ளையளின்ரை படிப்பை விசாரிப்பார். மெல்லிய குரல், நல்ல மனுசன்.

நான் சொல்லுற அந்த நாள் அவற்றை கம்பனியின்ரை மத்தியானச் சாப்பாடு. அண்டைக்குக் காலமை நான் அல்பெர்கேரியாப் பகுதியிலை இருந்த என்ரை வீட்டாலை வெளிக்கிட்டு பல்லாரோ சந்தையைக் கடக்க, பொலிஸ் மறிச்சது. எல்லாரிட்டையும் பெர்மெஸ்ஸோ கேட்டுக்கொண்டு நிண்டினம். இஞ்சை இருக்க எங்களுக்குக் குடுக்கிற அனுமதிப் பத்திரம்தான் பெர்மெஸ்ஸோ. என்ரையை அப்ப புதுப்பிக்கக் குடுத்திருந்த நேரம். அதைக் குடுக்கிற பொலிஸ் தலைமை அலுவலகமான குவெஸ்தூராவிலையிருந்து ஒரு முடிவும் வரேல்லை. அந்த நேரத்திலை பேரிலை ஒரு சின்னக் கறை விழுந்தாலும் போச்சுது எண்டு எங்கடை ஆக்கள் எல்லாரும் நடுங்குவினம், நானும்தான். பழைய பத்திரத்தையும் குடுத்ததுக்கான துண்டையும் பிளாஸ்ரிக் உறையிலை போட்டு வைச்சிருந்தன். காட்டிப்போட்டு ஓடி வந்ததிலை நேரம் போட்டுது. உடுப்பு மாத்தேக்கை அந்த உறையை அலுமாரியிலை வைக்காமல் பரிமாறிற கோட்டின்ரை உள்பொக்கற்றுக்குள்ளை செருகிப்போட்டன்.

பஸ்தா முடிஞ்சு இறைச்சி போறதுக்கு முதல், மேசைத் துவாய் எடுக்க நடைக்குப் போனன். மண்டபத்துக்கும் கழிவறைக்கும் நடுவிலை ஒடுக்கமான நடை. அலுமாரிக் கதவைத் திறந்தால் வழி அடைபடும். நான் திறந்துவைச்சு, சுவர்ப் பக்கம் பாத்துத் துவாய் எண்ணிக்கொண்டு நிக்கிறன். பின்னாலை ஒரு ஆம்பிளைக் குரல், கிட்ட, அவசரமா:

"பெர்மெஸ்ஸோ!"

அந்தச் சொல்லுக்கு இத்தாலியிலை ரெண்டு வேலை. பத்திரமும் பெர்மெஸ்ஸோ. 'கொஞ்சம் வழி விடுங்கோ' எண்டுறதும் பெர்மெஸ்ஸோ. எனக்கு ரெண்டும் தெரியும். மேசைக்கு மேசை போகேக்கை ஒரு நாளைக்கு ஐம்பது தரம் நானே சொல்லுறனான். ஆனால் தலைக்குத் தெரிஞ்சது கைக்குத் தெரியேல்லை. ஊரிலை சென்றியிலை ஆமிக்காரன் ஐடென்ரிக் காட் கேட்டால், கேட்ட வாய் மூட முதல் காட் வெளியாலை வரவேணும். சுணங்கினால் அடி. எங்கடை தெருவிலை சுணங்கின ஒருத்தன் வீட்டை திரும்பி வரவே இல்லை. பதினாறு வயசிலை பழகின கை அது. காலமையும் ஒருக்கா அப்பிடி எடுத்துக் காட்டின கை. பின்னாலை அந்தச் சத்தம் கேட்ட உடனை, விறுக்கெண்டு திரும்பிக்கொண்டே கோட்டுக்குள்ளை போட்டுது.

திரும்பினால் தானோ. நான் அவற்றை முகத்தைப் பாக்க முதல் அவர் என்ரை கையைப் பாத்திட்டார். அடுத்த கணம் துவக்கு என்ரை நெஞ்சுக்கு நேரை. எப்ப எடுத்தார் எண்டு எனக்குத் தெரியாது. சின்னத் துவக்கு, கறுப்பு, வாய் மட்டும் பெரிசாத் தெரிஞ்சுது. அவற்றை கண் என்னைப் பாக்கேல்லை, வேறை ஆரையோ பாத்துக்கொண்டிருந்தது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அண்டைக்கு நான்தான் அந்தப் பேய்.

நான் என்ன சொன்னனான் தெரியுமோ? "இருக்கு! என்னட்டை இருக்கு! இந்தா எடுக்கிறன்!" கோதாரி விழுந்த வாய். துவக்கை நீட்டிக்கொண்டு நிக்கிற மனுசனுக்குச் சொல்லுற கதையே அது? ஆனால் எனக்கு அந்த நேரம் பத்திரத்தைத் தவிர வேறை ஒண்டும் தெரியேல்லை. விரல் ஒண்டு அங்கை அசையிறதை நான் கண்டனான், சத்தியமாக் கண்டனான். மாதாவே எண்டு கத்தினன் எண்டு நினைக்கிறன், தமிழிலை. கை வெளியாலை வந்துட்டுது. கையிலை பிளாஸ்ரிக் உறை. அதுக்குள்ளை முழுசிக்கொண்டு நிக்கிற என்ரை படம்.

அவர் படத்தைப் பாத்தார். பேந்து என்னைப் பாத்தார். துவக்குப் பிடிச்ச கை கீழை விழுந்தது. அப்பிடியே சுவரோடை சரிஞ்சு நிலத்திலை குந்திட்டார். "சவேரியோ... சவேரியோ..." எண்டுறார். நான் இன்னும் உறையை நீட்டிக்கொண்டு நிக்கிறன்.

சினோரா எப்ப வந்தா எண்டு தெரியாது, அவவின்ரை சப்பாத்து சத்தம் போடாததெல்லோ. கையிலை வெறும் சூப்புக் கிண்ணம், பெரிய மூடி போட்டது. நடைக் கதவைக் குதியாலை தள்ளிச் சாத்தினா. கிண்ணத்தை நிலத்திலை வைச்சு மூடியைத் திறந்து, சந்தையிலை மரக்கறி கேக்கிற குரல்லை கதைச்சா.

"தானோ, துவக்கின்ரை வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பும். ஓம், அப்பிடி. இப்ப மகசினைக் கழட்டி இதுக்குள்ளை போடும். உள்ளுக்கை ஏறி நிக்கிற குண்டையும் எடும். வெறுமையோ எண்டு நீரே பாரும். எனக்குக் காட்டும். சரி. வெறுந்துவக்கையும் போடும்."

அவ ஒண்டையும் தொடேல்லை. எல்லாத்தையும் அவரைக் கொண்டே செய்விச்சா. ஒவ்வொண்டா விழுந்து பீங்கானிலை சத்தம் கேட்டுது. மூடியைப் போட்டு மூடினா. உள்ளை மண்டபத்திலை முதலாளி பேசி முடிச்சு எல்லாரும் கை தட்டிக்கொண்டிருந்தினம். ஒருத்தருக்கும் ஒண்டும் தெரியாது. தானோவைத் தன்ரை அறையிலை இருத்தி, கிண்ணத்தை அலுமாரியிலை வைச்சுப் பூட்டிப்போட்டு என்னட்டை வந்தா.

"சவேரியோ, துவக்கு நிண்டது உம்மடை நெஞ்சிலை, என்ரை நெஞ்சிலை இல்லை. கோப்பி குடுக்க முதல் எனக்கு முடிவு சொல்லும். நீர் ஓம் எண்டால் இப்பவே பொலிசுக்குப் போன் எடுப்பன், கண்டதைக் கண்டபடி சொல்லுவன். அவற்றை லைசென்ஸ் போகும், லைசென்ஸ் போனால் வேலையும் போகும். அது உம்மடை பிழை இல்லை. ஒண்டு மட்டும் கேளும். பத்திரத்துக்குப் பயந்து வாயை மூடாதையும். நீர் ஒரு குற்றமும் செய்யேல்லை."

நான் இறைச்சி பரிமாறினன். இருபத்திரண்டு பேருக்கு, ஒரு துளி குழம்பு சிந்தாமல். தட்டு எடுக்கக் குசினிக்குப் போக ஜெசிந்தா "என்னப்பா முகம் வெளிறிக் கிடக்கு?" எண்டா. "பசி" எண்டன். எல்லாத்தையும் யோசிச்சன். தானோ அடுத்த வருசமும் வருவார். அந்த நடையிலை என்ரை இடத்திலை வேறை ஒருத்தன் நிப்பான், அவன்ரை கையிலை படம் இராது, தீப்பெட்டி இருக்கும். சொல்லத்தான் வேணும் எண்டு தெரியும். ஆனால் சொன்னால் பொலிஸ் என்னைக் கேக்கும், நீ ஏன் கோட்டுக்குள்ளை கையை விட்டனி? பேர் எழுதுவினம். அந்தப் பேரைத்தானே அதே குவெஸ்தூராவின்ரை மற்றப் பக்கத்திலை பத்திரத்துக்கு வைச்சுப் பாத்துக்கொண்டிருக்கினம்.

கோப்பி வாசம் வரத் தொடங்க சினோராவிட்டைப் போனன். "ஒண்டும் நடக்கேல்லை, சினோரா."

"இரக்கமோ, பயமோ?" எண்டா.

"இரக்கம்" எண்டன்.

என்னை நிமிர்ந்து பாத்தா. கிட்ட வந்து என்ரை கொலரைத் திருத்திவிட்டா. பேந்து, தன்ரை காரிலை தானோவை ஏத்திக்கொண்டு பிரான்காச்சோவிலை அவற்றை வீட்டை போய், கிண்ணத்திலை இருந்ததுகளை அவரின்ரை மனுசியின்ரை கையிலை குடுத்திட்டு வந்தா.

அண்டைக்கு வீட்டை போய்த்தான் ஜெசிந்தாவுக்குச் சொன்னன். அதையும் இரக்கக் கதையாத்தான் சொன்னன். அவ அழுதா, ஏசினா, மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தினா. மற்ற நாள் கோயில் பொம்பிளையளுக்குச் சொல்லிப்போட்டா, தன்ரை மனுசன் தன்னைச் சுட வந்தவனை மன்னிச்சிட்டாரெண்டு. ஆக்கள் வந்து என்ரை கையைப் பிடிச்சினம். ஒரு அக்கா சொன்னா, "சவிரிமுத்து அண்ணைக்கு இருக்கிற மனம் ஆருக்கு வரும்?" நான் தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டன். அவை அதைப் பணிவு எண்டு நினைச்சினம். இண்டைக்கு வரைக்கும் அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டிருக்கினம். கோயில் வாசல்லை என்னாலை சொல்லேலாமல் போனது இதுதான்.

அஞ்சாம் நாள் சினோரா என்னைத் தன்ரை அறைக்குக் கூப்பிட்டா. "நாளைக்குப் பத்து மணிக்குக் குவெஸ்தூராவுக்குப் போகவேணும். நானும் வாறன். தானோ தானாகவே போய் எல்லாத்தையும் சொல்லியிருக்கிறார்."

முடிஞ்சுது எண்டு நினைச்சன். பிள்ளையள், வாடகை வீடு, படிப்பு, எல்லாம் ஒரு பிளாஸ்ரிக் உறையோடை முடிஞ்சுது. ஜெசிந்தா என்ரை வெள்ளைச் சேட்டை ரெண்டு தரம் அயன் பண்ணினா.

அங்கை மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தது கண்ணாடி போட்ட ஒரு பொம்பிளை அதிகாரி. நடந்ததைக் கேட்டா. எல்லாத்தையும் சொன்னன். எந்தக் கை, எவ்வளவு கெதியாத் திரும்பினனான், என்ன சொன்னனான் எண்டெல்லாம் கேட்டு எழுதினா. 'என்னட்டை இருக்கு' எண்டு கத்தினதையும் சொன்னன். பேனையை நிப்பாட்டி ஒருக்கா என்னைப் பாத்தா, சிரிப்பை அடக்கினா போலை. பேந்து தானோ எழுதிக் குடுத்ததிலை ஒரு பகுதியை வாசிச்சுக் காட்டினா.

"அந்தப் பரிமாறுகிறவர் ஒரு குற்றமும் செய்யேல்லை. நான் சொன்ன சொல்லைக் கேட்டுத் தன்ரை பத்திரத்தை எடுத்தார், அவ்வளவுதான். இந்தக் கதை நாளைக்கு வெளியாலை வந்தால், வெளிநாட்டுக்காரன்தான் என்னைத் தாக்க வந்தவன் எண்டு ஆராவது சொல்லுவினம். என்ரை முதலாளியும் சொல்லுவார். அப்பிடி ஆரும் சொல்ல முதல் சொல்லவேணும் எண்டுதான் நான் வந்தனான்."

முறைப்பாடு குடுக்கப் போறீரோ எண்டு அதிகாரி கேட்டா. இல்லை எண்டன். கையெழுத்து வாங்கினா. என்ரை பத்திரத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேக்கேல்லை. ஒரே ஒரு சொல்லும்! நாலு நாளா நான் வாயைப் பூட்டிக் காப்பாத்தின சாமான் அது. அந்த மனுசன் அதைத் தன்ரை துவக்கையும் லைசென்சையும் இந்த மேசையிலை வைச்சுக் காப்பாத்திப்போட்டுப் போயிருக்கிறார். துவக்கில்லாதவரிட்டை நகைப் பெட்டியைக் குடுக்கேலாது எண்டு கம்பனி அண்டைக்கே சொல்லிப்போட்டுதாம். இருபது வருச வேலை. பிறகு ஏழு மாசம் சும்மா இருந்து, கடைசியிலை பிரான்காச்சோவிலையே ஒரு மணிக்கூடு திருத்திற கடையிலை அவருக்கு ஒரு கதிரை கிடைச்சது. ஆனால் அண்டைக்கு அது ஆருக்கும் தெரியாது.

சினோராவை உள்ளுக்குக் கூப்பிட, நான் வெளியாலை வந்தன். நடையிலை வாங்கு ஒண்டிலை தானோ இருக்கிறார். கோட் இல்லை, வீட்டுக் கம்பளிச் சட்டையோடை இருந்தார். என்னைக் கண்டவுடனை எழும்பி வந்து என்ரை கையை ரெண்டு கையாலையும் பிடிச்சார். கண் கலங்கியிருந்தது.

"சவேரியோ, நாலு நாளும் எனக்காக நீர் வாய் திறக்கேல்லை. இரக்கப்பட்டு விட்டனீர் எண்டு சினோரா சொன்னவ. என்ரை மனுசி ஒவ்வொரு நாளும் உம்மடை பேரைச் சொல்லி மண்டாடுறா. நான் கொல்லப் பாத்த மனுசன் நீர்..."

தலையை ஆட்டியிருக்கலாம். ஊரே நம்பின கதை. அந்த மனுசனுக்கும் அது ஆறுதலா இருந்திருக்கும், எனக்கும் ஒரு செலவும் இல்லை. ஆனால் வேலையைக் குடுத்திட்டு நிக்கிற ஒருத்தரின்ரை கை என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டிருக்கேக்கை என்னாலை ஏலாமல் போச்சுது.

"இல்லை, சினோர் தானோ" எண்டன். "இரக்கம் இல்லை. பயம். என்ரை பத்திரம் போயிடும் எண்ட பயத்திலை பேசாமல் இருந்தனான். உங்களை நினைச்சே பாக்கேல்லை."

அவர் கையை விடேல்லை.

"நானும் பயத்திலைதான் துவக்கை எடுத்தனான்" எண்டார்.